நொட்டை சார் ஒரே ஒருமுறை சொன்ன ‘சரி’

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்து, வெளியே விடுவதற்கு முன்னால் ஒரு பார்வைக்காக எங்கள் நொட்டை சாருக்கு அனுப்பியிருந்தால், நமக்கு இன்னும் வெளிச்சம்கூட வந்திருக்காது. கல்வராயன் மலையைப் பார்த்துவிட்டு, “சிகரங்கள் உயர வரிசையில் இல்லை. அடுக்கித் திரும்ப அனுப்பவும்” என்று எழுதியிருப்பார். அடுக்கி அனுப்பினால், “மலைக்கு முன்னாலேயே கோமுகி ஆறு வந்துவிட்டது. மலை முதலில், ஆறு பிறகு” என்று எழுதியிருப்பார். கடவுள் வெறுத்துப்போய் ராஜினாமா கொடுத்திருப்பார். ராஜினாமாவில் தேதி மேலே வருமா கீழே வருமா என்று அதற்கும் ஒரு கேள்வி திரும்பி வந்திருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆபீஸில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எதைக் காட்டினாலும் நொட்டை சொல்வார், அதனால் நொட்டை. நாற்பதை நெருங்கியவர் என்பதால் பின்னால் ஒரு சார். அவ்வளவுதான் அவருக்கு அங்கே கிடைத்த மரியாதை.

ஆபீஸ் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடி. கீழேயிருந்து பூச்சிமருந்து வாசனை ஏறிவரும். மேலே நொட்டை சார் உட்கார்ந்திருப்பார். இரண்டில் எது முதலில் ஆளைக் கொல்லும் என்று எங்களுக்குள் பந்தயமே உண்டு.

நாங்கள் தயாரித்தது ஒரு பெட்டி. மலையில் மழை கொட்டினால் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் ஏறும். தரைப்பாலத்தில் நடந்துகொண்டிருப்பவருக்குத் தண்ணீர் முழங்காலைத் தொட்டபிறகுதான் தெரியும். அதற்காக ஓடையில் ஒரு சென்சார், பாலத்தின் பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் பெட்டி, பெட்டியின் மேல் பழைய மில்லில் ஊதுவது மாதிரி ஒரு சங்கு. தண்ணீர் ஏறினால் சங்கு ஊத வேண்டும். இதற்குத்தான் அத்தனை கம்ப்யூட்டரும் அத்தனை சண்டையும்.

பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்குத் தன் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சங்கு எந்தக் கம்பியில், சென்சார் எந்தக் கம்பியில் என்று ஒரு ஃபைலில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆபீஸ் பேச்சில் அதற்குப் பெயர் ஜாதகம். போர்டில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அது கண்விழித்ததும் ஜாதகத்தைப் படித்துத்தான் தனக்குக் கை எது, கால் எது என்று தெரிந்துகொள்ளும். கெர்னல் ஒரு பொதுச்சொத்து. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, பார்த்தேன் என்று தன் பெயரைப் போட்டால்தான் உள்ளே ஏறும். ஏறிவிட்டால் எழுதியவர் பெயரும் பார்த்தவர் பெயரும் என்றைக்கும் அதிலேயே நிற்கும்.

பெட்டியை வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: போர்டின் ஜாதகம் பொதுக் கெர்னலில் ஏறியிருக்க வேண்டும். முதலாளி அந்த நிபந்தனையை அப்படியே என் தலையில் இறக்கிவைத்தார்.

“அத்த ஏத்திக் காட்டும்மா. வேலை நிரந்தரம். இல்லாங்காட்டி ட்ரெய்னிங் முடிஞ்சதும் பையத் தூக்கிக்கினு கெளம்பிடு.”

என்னைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான் என்று சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அவரும் போயிருக்கிறார், அதைக் கட்டும்போது. வீடு கருணாபுரம். சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும். எங்கள் வீட்டில் யாரும் அதில் சாகவில்லை என்று நானாகச் சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டார். “கருணாபுரமா? அப்பா...” என்று இழுத்தார். “லாரி மோதி இறந்துட்டாருங்க, நான் சின்னப்புள்ளயா இருக்கறப்ப” என்றேன். லாரி என்றதும் முதலாளியின் முகம் தெளிந்ததே, அதை நான் மறக்கப்போவதில்லை.

அந்த அறையில் என் பயோடேட்டாவைக் கையில் வைத்திருந்த இன்னொருவர் நொட்டை சார். கருணாபுரம் என்ற வார்த்தையை அவரும் படித்தார். தலையைத் தூக்கினார். வரப்போகும் கேள்விக்கு நான் லாரியைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“பத்தாவது மேல இருக்குது, காலேஜ் அதுக்குக் கீழ இருக்குது. பழசுலருந்து புதுசுக்கு வர்றீங்க. அப்புறம் எதுக்குங்க பன்னெண்டாவது கடைசில இருக்குது?”

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அன்றே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாம் எழுதியதைப் பற்றி வாயால் ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாம் மெயில்தான். அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன் வைக்கும் அளவுதான் இடைவெளி. முதல் வாரம் அது தெரியாமல் திரும்பிக் கேட்டேன்.

“சார், இன்னா தப்புன்னு ஒரு வாட்டி சொல்லிட்டீங்கன்னா மாத்திடுவேன்.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி டைப் அடித்தார். என் கம்ப்யூட்டரில் டிங் என்றது. திறந்தேன். “மெயிலில் கேட்கவும்.”

“சார், பக்கத்துலதானே ஒக்காந்துகினு இருக்கேன்!”

டிங். “பேசினால் காற்றில் போய்விடும். நாளைக்கு வருகிறவர் எதைப் படிப்பார்?”

நாளைக்கு யார் வரப்போகிறார்? நான்தான் வருவேன், இதே நாற்காலியில், இதே திட்டை வாங்க.

ஜாதகத்துக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் மதச்சடங்குகளைவிடக் கடுமையானவை. போர்டில் உள்ள உறுப்புகள் முகவரி எண் வரிசையில் வர வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் முதலில் அது என்ன, பிறகு எங்கே இருக்கிறது, பிறகு மற்றதெல்லாம். வேலை செய்கிறதா இல்லையா என்பது கடைசி வரி. ஜாதகத்தில் எது எதைக் குறிக்கிறது என்ற விளக்கக் குறிப்பு, சங்கை ஊதவைக்கும் ப்ரோக்ராம், ஜாதகம் என்று மூன்றையும் தனித்தனியாக, அந்த வரிசையில்தான் அனுப்ப வேண்டும். குறிப்பில் ஒன்று, ஜாதகத்தில் வேறொன்று என்று இருக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாதகம் போர்டில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். ப்ரோக்ராம் எழுதுகிறவன் வசதிக்காக ஒரு வரியும் பொய் சொல்லக்கூடாது.

இதில் முதலில் சிக்கியது நான் இல்லை, பிரவீன். முதலாளியின் அக்கா மகன். ஏ.சி.க்கு நேர் கீழே அவன் நாற்காலி. வேறொரு போர்டின் ஜாதகத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினான். அந்தப் பழைய போர்டில் கேமரா உண்டு. எங்கள் போர்டில் கிடையாது. டிங் என்று அவனுக்கு மெயில் போனது: “போர்டைக் கொண்டுவந்து கேமராவைக் காட்டவும்.”

பிரவீன் போர்டைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே தேடினான். திருப்பிப் பார்த்தான். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். ஆபீஸே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கடைசியில் முதலாளி வெளியே வந்தார்.

“இன்னாங்க இது, சின்னப் பையனப் போட்டுப் படுத்தறீங்க? ஒரு கேமராதானே, இருந்துட்டுப் போவட்டும்.”

“இல்லாத கேமராங்க.” மெயில் அனுப்ப நேரம் இல்லாததால் வாயைத் திறந்துவிட்டார்.

“இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? சோறா கேக்குது?”

“கெர்னல் அத்தத் தேடிக்கினே இருக்குங்க. இப்ப உங்க அக்கா பையன் தேடறாரே, அதே மாதிரி.”

பிரவீனுக்கு அன்றிலிருந்து அவர்மேல் தீராத பகை. நான் வாய்விட்டுச் சிரித்ததால் என்மேலும்.

ஆபீஸோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலும் அவர் ஜாதகம்தான் பார்த்தார். நான் பாதி வழியில் கருணாபுரத்தில் இறங்குவேன், அவர் ரூம் கடைசி நிறுத்தத்தில். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். கடைசியில் இறங்குகிறவர் உள் ஓரம், முதலில் இறங்குகிறவர் வெளி ஓரம். நடுவில் யாரும் எழுந்து வழிவிட வேண்டியதில்லை. கேட்க நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். வெற்றிலைக் கூடையோடு ஏறிய ஓர் அம்மாவை எழுந்து இடம் மாறச் சொன்ன அன்று பார்த்திருக்க வேண்டும்.

“யோவ், நீ இன்னா கண்டக்டரா?”

“இல்லீங்க. நீங்க மொதல்ல எறங்குவீங்க. உள்ள ஒக்காந்தா நாலு பேரு எழுந்து நிக்கணும்.”

“நிக்கட்டும். காலையிலருந்து நான் நின்னுகினுதானே யாவாரம் பண்ணேன்? எனக்கு யாரு எழுந்தாங்க?”

ஆட்டோ சிரித்தது. அவர் அசரவில்லை. தன் இடத்தில், உள் ஓரத்தில், மடியில் பையோடு உட்கார்ந்து, அந்த அம்மா இறங்கும்போது எழுந்து நின்ற நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சொன்னேனே என்று அவர் வாயால் சொல்லவில்லை. மெயில் முகவரி இருந்திருந்தால் அனுப்பியிருப்பார்.

இனி சங்கு விஷயத்துக்கு வருகிறேன்.

சங்குக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பியில் மின்சாரம் இருக்கும்வரை சங்கு சும்மா இருக்கும். மின்சாரம் நின்றால் ஊதும். போர்டை வடிவமைத்தவர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார். வெள்ளத்தில் கம்பி அறுந்து போனாலும் சங்கு ஊத வேண்டும் அல்லவா? பிரவீன் அதைக் கவனிக்காமல் ஜாதகத்தில் நேர்மாறாக எழுதிவிட்டான், மின்சாரம் வந்தால் ஊதும் என்று. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஜாதகத்தைத் திருத்தியிருக்கலாம். அவன் ப்ரோக்ராமுக்குள் போய் ‘ஊது’ என்ற இடத்தில் ‘ஊதாதே’ என்றும், ‘ஊதாதே’ என்ற இடத்தில் ‘ஊது’ என்றும் மாற்றிவைத்தான். இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வீடுவந்து சேர்வது மாதிரி, இரண்டு தப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. பெட்டி நன்றாகவே வேலை செய்தது. வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஓர் ஓடைக்கரையில் ஒன்றை நட்டும் ஆயிற்று. நொட்டை சார் விடுப்பில் போயிருந்த சமயம் அது.

திரும்பி வந்தவர் போர்டின் வரைபடத்தையும் ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரு மெயில்: “ஜாதகம் பொய் சொல்கிறது.” இந்த ஜாதகத்தோடு வெளியே அனுப்பினால் கெர்னல்காரர்கள் சிரிப்பார்கள் என்று முதலாளிக்கும் புரிந்தது. திருத்தும் வேலை என்னிடம் வந்தது. என் நிரந்தர வேலை அந்த ஒரு கம்பியில் தொங்கியது.

நான் ஜாதகத்தையும் ப்ரோக்ராமையும் ஒரே திருத்தமாக, ஒன்றாகச் சேர்த்து மாற்றி அனுப்பினேன். இரண்டு குடிகாரர்களையும் ஒரே நேரத்தில் தெளியவைத்துவிட்டேன் என்று பெருமை வேறு. டிங். “ஜாதகம் தனி. ப்ரோக்ராம் தனி. கலக்கக்கூடாது.” பிரித்து அனுப்பினேன். டிங். “சங்கு, சென்சாருக்கு மேலே வந்திருக்கிறது. முகவரி வரிசை?” அடுக்கினேன். டிங். “குறிப்பில் சங்குக்கு ஒரு பெயர், ஜாதகத்தில் வேறு பெயர்.” ஒன்றாக்கினேன். டிங். “வரி முடிந்தபிறகு ஒரு வெற்றிடம் இருக்கிறது.” கண்ணுக்கே தெரியாத வெற்றிடம்! அதை எப்படித்தான் பார்த்தாரோ.

வீட்டில் அம்மா கேட்டார்.

“இன்னாடி, மூஞ்சி தொங்கிக்கினு கெடக்குது?”

“எழுதனது திரும்பி வந்துடுச்சும்மா.”

“திரும்பியுமா? நான் கலக்கற கலவையில மேஸ்திரி நொட்ட சொன்னாருன்னா ஒரு வாட்டி மாத்திக் கலக்குவேன். ரெண்டாவது வாட்டி மம்புட்டிய அவரு கையில குடுத்துட்டு வூட்டுக்கு வந்துருவேன். அந்தாளுக்கு இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

“ஜாஸ்தியாவே குடுக்கறாங்க.”

“நாசமாப் போவ” என்றார் அம்மா, அவரை நேரில் பார்க்காமலே.

நொட்டை சார் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் குருபக்தி வந்துவிடும். அவர் தப்பு எங்கே என்று மட்டும் சொல்வார், எப்படித் திருத்துவது என்று சொல்லவே மாட்டார். நான் கற்றதெல்லாம் ஆத்திரத்தில் கற்றது. இன்றைக்கு இந்த ஆள் வாயடைத்துப் போக வேண்டும் என்று வெறியோடு உட்கார்ந்து, கெர்னலில் மற்றவர்கள் எழுதிய ஜாதகங்களை வரிவரியாகப் படித்தேன். ஒருநாள் என் ஜாதகத்தைத் திரையில் வைத்து நானே பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை எண் வரிசை. எது, எங்கே, மற்றது, கடைசியில் நிலை. வரைபடத்தில் உள்ளது உள்ளபடி. அழகாகத்தான் இருந்தது. அனுப்பினேன்.

வெகுநேரம் டிங் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நொட்டை சார் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, குழம்பு வாசனை பிடிப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு வந்தது ஒரே வார்த்தை: “சரி.” அதற்குக் கீழே, பார்த்தவர் என்று அவர் பெயர். அந்த ஆபீஸில் யாருக்கும் அவர் அந்த வார்த்தையை எழுதியதில்லை. பிரவீன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நிஜமா என்று திரையைத் தொட்டுப் பார்த்தான்.

ப்ரோக்ராமுக்கு மட்டும் இன்னும் சரி வரவில்லை. அதில் ஒரு விளக்க வரி நீளமாக இருக்கிறதாம். மடிக்க வேண்டுமாம்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி மலையில் பெட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முதலாளி யாரையும் கேட்கவில்லை. பார்த்து முடித்தவற்றை வைக்கும் இடத்திலிருந்து எடுத்தார், பெட்டியில் ஏற்றினார். அந்த இடத்தில் புது ஜாதகம் இருந்தது. புது ப்ரோக்ராம் இல்லை. ஒரு குடிகாரன் தெளிந்து நிமிர்ந்துவிட்டான், அவன்மேல் சாய்ந்திருந்த இன்னொருவன் கதி என்ன?

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெயில் உச்சிக்கு வந்தபோது ஓடைக்கரையில் நின்றோம். முதலாளி, பிரவீன், நான், நொட்டை சார், அதிகாரி, அவரோடு வந்தவர்கள், மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிவந்த உள்ளூர் பெரியவர் ஒருவர். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதலாளி பெட்டிக்கும் சங்குக்கும் மின்சாரம் கொடுத்தார்.

சங்கு ஊதியது. அப்படி ஓர் ஊதல். ஆடுகள் எட்டுத் திசையும் தெறித்தன. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் முதலாளியின் காதருகே போய்க் கத்தினார்.

“தண்ணி இல்லன்னு ஊதுதுங்களா? அது எங்களுக்கே தெரியுமுங்களே!”

பிரவீன் ஓடிப்போய் சென்சாரைப் பிடுங்கி, கொண்டுவந்திருந்த ஒரு பக்கெட் தண்ணீருக்குள் முக்கினான். சங்கு டக்கென்று நின்றது. மலையே அமைதியானது.

“தண்ணில முழுவனா கம்முனு கெடக்குது” என்றார் பெரியவர். பிறகு ஆடுகளைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

நான் நொட்டை சாரைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதலாளி என்னை ஆபீஸ் நடுவில் நிற்கவைத்தார்.

“நீதானே எழுதன? ஒழுங்கா ஊதிக்கினு இருந்த சங்க இன்னா பண்ணி வெச்சிருக்க? பாவம், கருணாபுரத்துப் பொண்ணாச்சேன்னு கூப்ட்டு ஒக்கார வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

“நான் ரெண்டும் சேத்துதாங்க எழுதனேன். பாதிய எடுத்து ஏத்தனா...”

“எதிர்த்து வேற பேசுவியா? கணக்க முடிச்சிக்கினு கெளம்பு.”

ஆபீஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாதியை எடுத்து ஏற்றியது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆதியில் தலைகீழாக எழுதியது யார் என்றும் தெரியும். அவன் ஏ.சி.க்குக் கீழே நகம் கடித்துக்கொண்டிருந்தான். சோறு போடுகிற இடத்தில் கண்ணும் காதும் எப்படி அடைத்துப் போகும் என்பதை அன்று பார்த்தேன். இன்றும் அந்தக் கசப்பு நாக்கில் இருக்கிறது.

ஒரு நாற்காலி நகர்ந்தது. டிங் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நொட்டை சார் எழுந்து நின்று பேசினார்.

“அது என் தப்புங்க.”

முதலாளி அவரைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு மொதல்ல ரெண்டும் சேத்துதான் அனுப்புச்சு. நான்தான் பிரிக்கச் சொன்னேன். பிரிச்சா ப்ரோக்ராம் மொதல்ல ஏறணும், ஜாதகம் கடைசில. அது என் சட்டம். ஜாதகம் அவ்ளோ நல்லா இருந்துச்சு. பாத்ததும் பேரு போட்டுட்டேன். வரிசையெல்லாம் பாத்தேனே, இது மட்டும் ஏறனா பெட்டி இன்னா ஆவும்னு பாக்கல. பேரு போட்டவன் நானு. அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க.”

ஊரில் உள்ள அத்தனை வரிசையையும் காவல் காத்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு ஃபைலின் அழகில் மயங்கித் தன் சொந்த வரிசையையே மறந்துவிட்டார். அந்த ஃபைல் நான் எழுதியது. இதில் நான் பெருமைப்படுவதா, அழுவதா?

சொல்லி முடித்ததும் அவர் உட்கார்ந்து டைப் அடித்தார். எல்லாருக்கும் டிங். சொன்னதையே வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார். காற்றில் போய்விடக் கூடாதாம்.

முதலாளிக்கு வசதியாகப் போயிற்று. அதிகாரியிடம் ஒரு தலையைக் காட்ட வேண்டும், தலை தானாக வந்து நின்றது. அன்று மதியமே நொட்டை சாரை அனுப்பிவிட்டார்கள், என்னை இருக்கவிட்டார்கள். பையில் டிபன் பாக்ஸை அடியிலும் தண்ணீர் பாட்டிலை ஓரத்திலுமாக அடுக்கினார். அவரிடம் சொல்ல நினைத்ததை மெயிலில் எழுதும் பழக்கம் எனக்கு அப்போது வரவில்லை.

சொந்த ஊரான களமருதூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அண்ணனின் வயலில் நடவு நட்ட பெண்களிடம் வரிசை கோணுகிறது என்று சொல்லி, கைநிறையச் சேறு வாங்கிக்கொண்டு கரையேறினாராம். நம்புகிறேன்.

மிச்ச வேலை என்னிடம் இருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். மலையில் நட்ட பெட்டியில் திரும்ப ஏற்றிவைத்த பழைய ஜாதகம், இனி போகும் பெட்டியில் புது ஜாதகம். இரண்டில் எது வந்தாலும் புரிந்துகொள்கிற மாதிரி முதலில் ப்ரோக்ராமை மாற்றினேன். அது தனியாக ஏறினாலும் பெட்டி ஓடும். பிறகு ஜாதகம். அது எப்போது ஏறினாலும் சங்கு சரியாக ஊதும். யாராவது பாதியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினாலும் பயமில்லை.

பழையதா புதியதா என்று ப்ரோக்ராமுக்குத் தெரிவதற்காக ஜாதகத்தில் ஒரு வரி கூடியிருந்தது. மாறிய திருத்தத்தில் பழைய பெயர் நிற்கக்கூடாது, பார்த்தவரிடம் மறுபடி கேட்க வேண்டும். இதுவும் அவர் சட்டம்தான். முதலாளி முன்பே எச்சரித்திருந்தார். “அந்தாளு பேரு எங்கயும் வரக்கூடாது, புரிதா? பிரவீன் பேரு போட்டுக்க.” கேமராவைத் தேடியவன் பெயரை என் பெயருக்குக் கீழே போடுவதா? வேலை போனால் போகட்டும் என்று களமருதூருக்கு மெயில் அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. “குறிப்பில் புது வரிக்கு விளக்கம் இல்லை.” எழுதினேன். “விளக்கத்தில் உதாரணம், ஜாதகத்தோடு ஒத்துப்போகவில்லை.” ஒத்துப்போக வைத்தேன். “இது மட்டும் ஏறினால் என்ன ஆகும்? ஓட்டிப் பார்த்தீர்களா?” இந்தக் கேள்வி புதியது. ஓட்டிப் பார்த்தேன், சார், என்று பதில் எழுதினேன்.

அடுத்த மெயிலில் பார்த்தவர் என்று அவர் பெயர் மட்டும் இருந்தது. சரி என்ற வார்த்தையை எழுதவில்லை. அதன்பிறகு அவர் அதை யாருக்கும் எழுதியிருக்க மாட்டார்.

கெர்னலில் ஏறியது. எங்கோ கண்காணாத நாட்டில் ஒருவர் எங்கள் ஓடைக்கரைச் சங்கைப் படித்துப் பார்த்து ஏற்றினார். முதலாளி திரையைப் பார்த்தார். என் பெயர், அதற்குக் கீழே அந்தப் பெயர்.

“இத்த எடுத்துடு.”

“எடுக்க முடியாதுங்க. ஏறிட்டா ஏறனதுதான். அவருதாங்க பாத்தாரு.”

கையில் இருந்த பேனாவை வெகுநேரம் உருட்டினார். பெட்டிகள் விற்க வேண்டும். என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிரவீன் இப்போது எங்களுக்கெல்லாம் தலைவன். நான் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மலையில் மழை பெய்தால் சங்கு ஊதுகிறது. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறேன். பாதி வழியில் இறங்குகிறவள் என்பதால் நடுவில்தான் உட்காருகிறேன். உள் ஓரத்து இடம், கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவருக்கான இடம், காலியாக இருந்தால், “கொஞ்சம் நவுந்துக்கோம்மா” என்று யாராவது கேட்பார்கள். ஆள் வர்றாருங்க என்று சொல்லிவிடுகிறேன்.